சவர பிரஷுக்கு மரக் கைப்பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தச்சன் இல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் மாமர நிழலில் ஒரு பழைய மேசை, அதில் பூட்டிய வைஸ் ஒன்று, நாலைந்து அரங்கள், அவ்வளவுதான் என் பட்டறை. ஆறேழு வருடமாக ஓய்வு நேரத்தில் சவர பிரஷுக்கு மரத்தில் கைப்பிடி செய்கிறேன். செய்தவற்றில் முக்கால்வாசி உறவுக்காரருக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் போய்விட்டது. வாங்கிக்கொண்டு போனவர்கள் ஒரு மாதத்தில் கோல் எடுப்பார்கள்: நானும் ஒன்று செய்து பார்க்கப் போகிறேன், ஒரு சந்தேகம் என்று. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

கைப்பிடியில் நடுகிற முடிக்கட்டைக் குஞ்சம் என்று எழுதியிருக்கிறேன். அது இறங்குகிற துளையைக் குழி என்று எழுதியிருக்கிறேன்.

கடையில பிரஷ் மலிவாத்தானே கிடக்கு, எதுக்கு இந்த வேலை?

மலிவு பிரஷில் முதலில் போவது முடியில்லை, கைப்பிடிதான். உள்ளே கோறையான பிளாஸ்டிக், ஒருமுறை கீழே விழுந்தால் வெடிப்பு. சவர்க்காரக் கையில் வழுக்கவும் செய்யும். முடி நன்றாக இருக்க பிரஷை எறிய மனம் வராமல்தான் நானும் முதல் கைப்பிடியைச் செய்தேன். அதற்கு மேல் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உள்ளங்கையளவு மரத்துண்டு, ஒரு விடுமுறை நாள், இவ்வளவுதான் செலவு.

லேத் இல்லாம வெறும் கையால செய்ய ஏலுமா?

ஏலும். ஒரு வாள், அரைவட்ட அரம் ஒன்று, தட்டை அரம் ஒன்று, கூரான கத்தி, டிரில், சாண்ட் பேப்பர் இருந்தால் போதும். சதுரக் கட்டையை நேரே உருண்டையாக்கப் பார்க்காதீர்கள், கோணலாகத்தான் வரும். முதலில் நாலு மூலையையும் சீவி எட்டுப்பட்டை ஆக்குங்கள். பிறகு எட்டை பதினாறாக்குங்கள். அதற்குப் பிறகு அரமே உருட்டிவிடும். 36 மில்லிமீற்றர் சதுரக் கட்டை என்றால், ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டு பக்கமும் 10.5 மில்லிமீற்றரில் கோடு போட்டு, அந்தக் கோடு வரை சீவினால் எட்டுப் பக்கமும் சமமாக வரும். வேறு அளவுக் கட்டை என்றால் அகலத்தை 0.29 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இடை ஒடுங்குகிற இடத்துக்கு அரைவட்ட அரம். பிறகு சாண்ட் பேப்பரை ஒரு விரல் அகல நாடாவாகக் கிழித்து, சப்பாத்து மினுக்குவதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். 80ஆம் எண் பேப்பரில் தொடங்கி 120, 180, 240, கடைசியாக 400. நடுவில் ஒன்றைத் தாண்டினால் 80 போட்ட கீறல் வார்னிஷுக்குக் கீழே பளிச்சென்று தெரியும். பொறுமை இல்லாதவர்கள் கட்டில் கால் கடைகிற ஓடாவி யாரிடமாவது கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கடைந்து தந்துவிடுவார். அதுவும் குற்றமில்லை. ஆனால் குழி போடுகிற வேலையை நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல்ல வடிவம் செதுக்கணுமா, குழி துளைக்கணுமா?

குழிதான் முதலில். கட்டை சதுரமாக இருக்கும்போது வைஸ் அதை அசையாமல் பிடிக்கும், மூலைக்கு மூலை கோடு போட்டால் நடுவும் சரியாகக் கிடைக்கும். வடிவாக உருட்டி முடித்த கைப்பிடியில் துளை போட்டு, அது ஒரு பக்கம் சரிந்து போய் முழு வேலையும் பாழானவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

கட்டையை 80 மில்லிமீற்றர் நீளமாக வெட்டுங்கள். அடியில் 20, 25 மில்லிமீற்றர் வைஸ் பிடிக்க விட்டுவைத்து, எல்லாம் முடிந்த பிறகு அதை அறுத்துவிடலாம்.

அளவு சொல்லுங்க. எவ்வளவு உயரம், எவ்வளவு தடிப்பு?

நான் செய்வது 55 மில்லிமீற்றர் உயரம். அடி 33 முதல் 35, இடை 22 முதல் 24, குஞ்சம் இறங்குகிற மேல்பக்கம் 30. இது சட்டமில்லை, உங்கள் விரல்தான் அளவு. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: குழியைச் சுற்றி மரச்சுவர் 4 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். 22 மில்லிமீற்றர் குஞ்சத்துக்கு மேல்பக்கம் 30 என்று சொன்னது அதனால்தான். அடி மேல்பக்கத்தைவிட அகலமாக இருந்தால் பிரஷ் நிறுத்தி வைக்கும்போது சாயாது.

களிமண்ணிலோ, ஒரு கரட் துண்டிலோ முதலில் உருவத்தைச் செய்து கையில் பிடித்துப் பாருங்கள். சிரிக்கவேண்டாம், கரட் நன்றாக வேலை செய்யும்.

குஞ்சத்தை எங்க எடுக்கிறது?

கைப்பிடி உடைந்த பழைய பிரஷில். பிளாஸ்டிக்கை வாளால் மெதுவாக நெடுக்கில் அறுத்துத் திறந்தால் குஞ்சம் அடியில் ஒரு பசைக் கட்டியோடு முழுதாக வெளியே வரும். அந்தக் கட்டி உடையாமல் வரவேண்டும், அது உடைந்தால் முடி பிரிந்துவிடும். புதிதாக வேண்டுமானால் குஞ்சம் மட்டும் இணையத்தில் விற்கிறார்கள். 20 முதல் 26 மில்லிமீற்றர் விட்டம் வரை கிடைக்கும். முதல் தடவைக்கு 22 நல்லது.

தம்பி, நாங்க பன்றி முடி பாவிக்கமாட்டம். இது என்ன முடி எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காத்தான்குடி, சம்மாந்துறைப் பக்கத்து நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி, கேட்கவேண்டிய கேள்வியும்கூட. மலிவான பிரஷ்களில் பன்றி முடி மிகவும் சாதாரணம். பெட்டியில் 'பியூர் பிரிஸ்ல்' என்று மட்டும் போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். பட்ஜர் என்று போட்டிருந்தால் அது குளிர்நாட்டில் வளை தோண்டி வாழ்கிற ஒரு விலங்கின் முடி. குதிரை முடியும் உண்டு.

சிலர் ஒரு முடியை எரித்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்தச் சோதனை பாதிதான் உதவும். விலங்கு முடி என்றால் தலைமுடி கருகிய மணம் வரும், விரலால் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை என்றால் உருகி நுனியில் கட்டியாக ஒரு மணி திரளும். ஆக, செயற்கையா இல்லையா என்பது தெரியும். விலங்கு முடியில் பன்றியா குதிரையா என்பது தெரியாது. அதனால் மனதில் சந்தேகம் இருந்தால் செயற்கைக் குஞ்சமே வாங்குங்கள். இப்போது வருபவை மிருதுவாகவே இருக்கின்றன, விரைவில் காயவும் செய்யும். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமென்றால் மௌலவியிடம் கேளுங்கள், நான் மரத்துக்கு மட்டும்தான் பொறுப்பு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அறுத்த மாட்டுட வால் முடி கிடக்கு. அதைக் கட்டிக் குஞ்சம் செய்யலாமா?

வேண்டாம். இரண்டு காரணம். ஒன்று, வெட்டிய முடியின் நுனி மழுங்கலாக இருக்கும், முகத்தில் குத்தும். பிரஷ் செய்கிறவர்கள் முடியின் இயற்கையான நுனியைக் கன்னத்தின் பக்கம் வைத்து, வெட்டிய பக்கத்தைப் பசைக்குள் மறைப்பார்கள். அப்படி ஆயிரக்கணக்கான முடியை வரிசைப்படுத்துவது தனித் தொழில்.

மற்றது நோய். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்காத விலங்கு முடியில் செய்த சவர பிரஷ்களால் பிரித்தானிய, அமெரிக்கப் படைவீரர்கள் பலருக்கு முகத்தில் அந்திராக்ஸ் வந்தது, இறந்தவர்களும் உண்டு. அந்தக் கிருமியின் வித்துகள் வெயிலில் காயவைப்பதால் சாகாது. சவரம் செய்த முகத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். அங்கே போய் இந்த விளையாட்டு வேண்டாம்.

குஞ்சத்துட விட்டத்தை எப்படி அளக்கிறது? எங்கிட்ட கலிப்பர் இல்ல.

ஒரு ஒடுங்கிய கடதாசித் துண்டைக் குஞ்சத்தின் அடிக்கட்டியைச் சுற்றி இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று வருகிற இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். விரித்து அளந்து 3.14 ஆல் வகுங்கள். 69 மில்லிமீற்றர் வந்தால் 22. முடியை அளக்காதீர்கள், கட்டியை அளவுங்கள். முடி எப்போதும் மேலே விரிந்துதான் இருக்கும்.

நமது ஹாட்வெயார் கடைகளில் துளைபோடும் பிட் பெரும்பாலும் அங்குலக் கணக்கில்தான் கிடைக்கும். 7/8 அங்குலம் என்றால் 22.2 மில்லிமீற்றர். கட்டி 22ஐ விடத் துளி குறைவாக இருந்தால் அதுவே சரியான பிட். கட்டி முழுதாக 22 அல்லது கொஞ்சம் கூட என்றால் குழியின் சுவரைச் சாண்ட் பேப்பரால் அரை மில்லிமீற்றர் அகட்டவேண்டும். கையால் தள்ளினால் போய் உட்காரவேண்டும், சுத்தியலால் தட்டி இறக்குகிற இறுக்கம் கூடாது. குழியின் அடி தட்டையாக இருப்பது நல்லது. சப்பை பிட்டின் நடு முனை ஒரு சின்ன ஓட்டையை அடியில் விட்டுவிடும், பரவாயில்லை, அதைப் பசை நிரப்பும்.

சரி, எந்த மரம் நல்லம்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இங்கே கொஞ்சம் பின்னால் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மரம் எது என்பதைவிட மற்ற விஷயங்கள்தான் கைப்பிடியைக் காப்பாற்றும்.

எனக்குப் பிடித்தது பூவரசு. நம் பக்கத்தில் வேலிக்கு நடுகிற மரம் என்பதால் யாரும் மதிப்பதில்லை. ஆனால் முற்றிய பூவரசின் வைரம் கருஞ்சிவப்பும் மண்ணிறமுமாக, இழை நெருக்கமாக, அரத்துக்கு இணங்கிப் போகும். மினுக்கம் நன்றாக ஏறும். வேலியில் கிளை வெட்டுகிற நாளில் கையளவு தடிப்புள்ள துண்டு ஒன்றை எடுத்து வைத்தால் போதும். கிளையின் நடுவில் இருக்கிற சோறு கைப்பிடிக்குள் வராமல் ஒரு பக்கமாக அறுத்துக்கொள்ளுங்கள். சோறு உள்ளே இருந்தால் கட்டாயம் வெடிக்கும்.

அடுத்தது பலா. வேலை செய்யச் சுகம், மஞ்சள் நிறம் நாளாக நாளாகத் தேன் நிறமாகும். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால் மரத்தைத் தொடாதீர்கள். தளபாடம் செய்கிற இடத்தில் கழிவுத் துண்டு கேட்டால் தருவார்கள். தேக்கும் நல்லதுதான், ஆனால் அதில் எண்ணெய்த் தன்மை உண்டு, பசை சரியாகப் பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன் தின்னர் தொட்ட துணியால் குழியைத் துடைக்கவேண்டும். வேம்பும் செய்யலாம். கொய்யா இழை மிகவும் நுண்மை, ஆனால் காயும்போது வெடிக்கிற குணம். புளியின் வைரத்தில் ஒருமுறை செய்தேன். அரம் தேய்ந்ததுதான் மிச்சம்.

முதிரையில செய்தா முகம் கடிக்குமாம், உண்மையா?

பாதி உண்மை. முதிரைத் தூள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. தச்சுவேலை செய்கிறவர்கள் அனுபவத்தில் அறிந்ததுதான், மருத்துவப் புத்தகங்களிலும் இருக்கிறது. மரத்திலுள்ள ஒரு அல்கலோயிட்டு அதற்குக் காரணம். நான் முதல் முறை முதிரையை அரமிட்டபோது அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன். அன்று இரவு முழங்கை மடிப்பும் கழுத்தும் தடித்துச் சிவந்து, நாலு நாள் சொறிந்துகொண்டிருந்தேன். சிலருக்கு ஒன்றும் செய்யாது. ஒருமுறை செய்தவருக்கு மறுமுறை கூடுதலாகச் செய்யும்.

ஆபத்து தூளில்தான். நன்றாக வார்னிஷ் மூடிய கைப்பிடியைப் பிடிப்பதால் பிரச்சினை வருவது அரிது. முதிரையின் மினுக்கத்துக்கு நிகர் இல்லை என்பதும் உண்மை. செய்வதென்றால் முழுக்கைச் சட்டை, முகக்கவசம், திறந்த வெளி. வேலை முடிந்ததும் குளித்துவிடுங்கள். ஏற்கெனவே தோல் அலர்ஜி உள்ளவருக்குப் பரிசாகக் கொடுக்க முதிரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பனை, தென்னை?

பார்க்க வடிவு, செய்யக் கஷ்டம். இரண்டிலும் மற்ற மரங்களைப் போல வைரம் நடுவில் இல்லை. வெளிப்பக்கம்தான் இறுக்கம், உள்ளே சோத்தி. கறுப்பு இழைகள் மெதுவான சதைக்குள் கம்பி கம்பியாக நிற்கும். அரமிடும்போது சிராம்பு விரலில் ஏறும், இழைக்கும் சதைக்கும் இடையே தண்ணீரும் இறங்கும். ஆசைப்பட்டால் வெளிப்பக்கத்துத் துண்டை எடுத்து, மெல்லிய சூப்பர் குளூவை ஊறவிட்டு இறுக்கிய பிறகு கடைசிச் சாண்ட் பேப்பர் போடுங்கள். சூப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் துணி சூடாகிப் புகையும், கை வெந்துவிடும்.

அண்ணன், கருங்காலி ஒரு துண்டு காட்டுக்க கிடைக்கும் எண்டு ஒருவர் சொல்றார். எடுக்கட்டா?

எடுக்காதீர்கள். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது குற்றம், மரத்தைக் கொண்டுபோகவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒரு பிரஷுக்காக நீதிமன்றப் படி ஏறவேண்டாம். உடைந்த பழைய தளபாடத்தின் கருங்காலிக் கால் கிடைத்தால் அதில் செய்யுங்கள்.

எங்கட பழைய வீட்டு நிலைக்கட்டை ஒண்டு இருக்கு. சுனாமியில வீடு போய், அது மட்டும் மிஞ்சினது. அதில அப்பாவுக்கு ஒண்டு செய்யலாமா?

செய்யலாம். திருக்கோவிலிலிருந்து ஒருவர் கேட்டது இது. அவர் கேட்ட பிறகு இதேபோல இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். 2004இல் உப்புத்தண்ணீரில் நின்ற மரம் என்பதால் ஒரு கவனம் வேண்டும்: உப்பு ஏறிய மரம் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும், வார்னிஷ் சரியாகப் பிடிக்காது. ஆனால் முதிரை, பாலை போன்ற கட்டியான மரத்தில் உப்பு அதிக ஆழம் போயிருக்காது. மேல்பக்கத்தை நன்றாகச் சீவி எறிந்துவிட்டு உள்மரத்தை எடுங்கள். அறுக்க முன் ஆணி இருக்கிறதா என்று ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற கட்டைக்கு இது பொருந்தாது. அது உப்பிலேயே ஊறினது, விட்டுவிடுங்கள்.

அவருக்கு இன்னொன்றும் சொன்னேன். அந்தக் கட்டையில் முதல் கைப்பிடியைச் செய்யவேண்டாம். வேறு மரத்தில் இரண்டு செய்து கை பழகிய பிறகு அதைத் தொடுங்கள் என்று.

பச்சை மரத்தில செய்தா என்ன?

வடிவம் வந்துவிடும், பிறகு குழி முட்டை வடிவமாகும், சுவர் வெடிக்கும். துண்டை வெட்டின அன்றே இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ பூசி, மழை வெயில் படாத, காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. கைப்பிடிக்கு வேண்டிய அளவில் சின்னத் துண்டாக அறுத்து வைத்தால் அவ்வளவு காலம் எடுக்காது. அடுப்படித் தராசு இருந்தால் மாதத்துக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள், நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

நம் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. வைகாசி, ஆனியில் கச்சான் அடிக்கிறபோது துண்டுகளை வெளித்திண்ணையில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டுக் காற்று வெளிப்பக்கத்தை ஒரு வாரத்தில் உலர்த்திவிடும், உள்பக்கம் ஈரமாகவே இருக்கும், மரம் பிளக்கும். அறைக்குள் கட்டிலுக்குக் கீழே வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசினாப் போதாதா?

போதாது. தேங்காய் எண்ணெய் காயாது. லின்சீட் எண்ணெய் காற்றிலிருக்கிற ஒட்சிசனோடு சேர்ந்து கெட்டியான படலமாகும், தேங்காய் எண்ணெய்க்கு அந்தக் குணம் இல்லை. எத்தனை நாள் போனாலும் எண்ணெயாகவே இருந்து, சவர்க்கார நுரை பட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும். அகப்பைக்குச் சரி, பிரஷுக்குச் சரியில்லை.

லின்சீட் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது சூடாகும், சுருட்டின துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

அப்ப எதைப் பூசுறது? பிரெஞ்சு பொலிஷா, லாக்கரா, வார்னிஷா?

பொலியூரித்தேன் வார்னிஷ். பிரெஞ்சு பொலிஷ் என்பது அரக்கு. தண்ணீர் நின்றால் வெளுக்கும், சவர்க்காரத்தின் காரம் அதைக் கரைக்கும், சவரத்துக்குப் பிறகு தடவுகிற லோஷனில் அல்ககோல் இருந்தால் அதுவும் கரைக்கும். சவர பிரஷுக்கு மூன்று எதிரியும் தினமும் வருகின்றன. தளபாடத்துக்கு அடிக்கிற சாண்டிங் சீலரும் லாக்கரும் பார்க்கப் பளபளக்கும், ஈரத்துக்குத் தாங்காது. மழைநாளில் அடித்தால் வெண்மேகம் போலப் பூத்தும் விடும்.

முதல் பூச்சு பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, மரம் குடிக்கக் குடிக்கக் கொடுங்கள். பூச முன் ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் நார் எழும்பும், அதை 400இல் தட்டிவிடுங்கள். அதன்மேல் மெல்லிய பூச்சு நாலு, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாள். கையில் ஒட்டாவிட்டாலும் வார்னிஷ் இன்னும் இறுகவில்லை. மூன்று கிழமையாவது கழித்துத்தான் தண்ணீரில் காட்டவேண்டும்.

நீங்க சொன்ன மாதிரித்தான் வார்னிஷ் அடிச்சன். மறுகா மூணு மாசத்தில மேல்விளிம்பு வெடிச்சிட்டு. ஏன்?

குழிக்குள் பூசினீர்களா? என்னுடைய முதல் கைப்பிடியும் இப்படித்தான் போனது. வெளியே ஐந்து பூச்சு, குழிக்குள் வெறும் மரம். குஞ்சம் மூடிவிடும்தானே என்று நினைத்தேன்.

மரத்தின் இழை கைப்பிடியின் நீளத்துக்கு ஓடுகிறது. குழி அந்த இழைகளைக் குறுக்கே வெட்டித் திறக்கிறது. வெட்டின ஒவ்வொரு இழையும் ஒரு சின்னக் குழாய். குஞ்சத்துக்கும் சுவருக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தால் நுரைத்தண்ணீர் தினமும் காலையில் அதற்குள் இறங்கும். விளிம்பு மரம் வீங்கும். பகலில் காயும்போது சுருங்கப் பார்க்கும், ஆனால் நடுவில் கல்லைப் போலக் குஞ்சத்தின் கட்டி நிற்கிறது. சுருங்க இடமில்லாத மரம் என்ன செய்யும்? இழை வழியே பிளக்கும். பூவரசோ முதிரையோ, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மரத்தைக் கேட்கிற நூறு பேரில் குழியைப் பற்றிக் கேட்கிறவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் வெளிப்பூச்சுக்கு முன்பே குழிக்குள் எபொக்சி பூசுங்கள், இரண்டு குழாயில் வருகிற பசை அது. பசைக் குழாய் இரண்டையும் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் இளகும். கலந்து, தீக்குச்சியால் சுவரிலும் அடியிலும் விளிம்பிலும் மெல்லிதாகத் தடவி ஒரு நாள் விடுங்கள். பிறகு குழிக்குள் சில துளி தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். எங்காவது மரம் கறுத்தால் அங்கே பூச்சு போகவில்லை, காயவைத்துத் திரும்பப் பூசுங்கள். பூச்சினால் குழி இறுகிவிடும், அதைச் சாண்ட் பேப்பரால் சரிசெய்யலாம். அடிப்பக்கமும் வெட்டின இழைதான், அதையும் மறக்கவேண்டாம்.

குஞ்சத்தை ஒட்ட என்ன பசை?

அரல்டைட் போன்ற இரண்டு குழாய் எபொக்சி, சம அளவு. ஐந்து நிமிடத்தில் இறுகுகிறது வேண்டாம். நம்முடைய மத்தியான வெயிலில் அது மூன்று நிமிடத்திலேயே இறுகி, குஞ்சம் சரிந்தபடி நின்றுவிடும். மெதுவாக இறுகுகிறதை வாங்குங்கள். குழியின் சுவரில் ஆணியால் மேலிருந்து கீழே ஒரு கீறல் போட்டால் உள்ளே அகப்பட்ட காற்று அதன் வழியே வெளியேறும், இல்லாவிட்டால் குஞ்சம் மெல்ல மெல்ல மேலே வரும். கையுறை போடுங்கள். எபொக்சி அடிக்கடி தோலில் பட்டால் அதுவும் முதிரைக்கு அண்ணன்தான்.

குழி எவ்வளவு ஆழம்? ஒருவர் 10 எண்டுறார், ஒருவர் 15 எண்டுறார்.

இருவரும் சரி, அவரவர் குஞ்சத்துக்கு. குழிக்கு வெளியே முடி எவ்வளவு உயரம் நிற்கவேண்டும் என்பதிலிருந்து பின்னால் எண்ணுங்கள். 22 மில்லிமீற்றர் குஞ்சத்துக்கு வெளியே 50 நன்றாக இருக்கும். குஞ்சம் கட்டியோடு சேர்த்து 62 என்றால் குழி 12. ஆழமாக நட்டால் முடி விறைப்பாகும், தடித்த தாடிக்கு நல்லது. மேலே விட்டால் தளதளவென்று மிருதுவாகும். ஒட்ட முன் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்கு அட்டைத் துண்டை அடியில் போட்டுப் போட்டு முகத்தில் தேய்த்துப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பசைக் கட்டி முழுவதும் குழிக்குள் இறங்கியிருக்கவேண்டும். அது விளிம்புக்கு மேலே நின்றால் அசிங்கம், தண்ணீரும் தேங்கும்.

கைப்பிடி பாரமில்லாமக் கிடக்கு. அடியில வலை ஈயம் வைக்கலாமா?

வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஈயம் வேண்டாம், நஞ்சு. முகத்துக்குப் போகிற சாமானில், ஈரத்துக்குப் பக்கத்தில் அது எதற்கு? ஒரு இரும்பு நட்டை அடியில் குடைந்து வைத்து மேலே எபொக்சியால் மூடுங்கள்.

சேவ் எடுக்க முதல் கோப்பையில ஊறப்போடலாமா? மாரியில பூஞ்சணமும் பிடிக்குது.

முடி மட்டும் நனையட்டும். கோப்பையில் தண்ணீரைக் குறைவாக விட்டு, கைப்பிடியின் விளிம்புக்குக் கீழே நிற்கும்படி பாருங்கள். விலங்கு முடிக்குத்தான் ஊறல் தேவை, செயற்கை முடிக்கு ஒரு முக்கு போதும். கொதிநீர் கூடாது, எபொக்சி சூட்டில் இளகும்.

கார்த்திகை, மார்கழியில் குளியலறைக்குள் எதுவும் காயாது. அலசி, உதறி, துணியில் ஒற்றி, வெளியே காற்றுப்படுகிற ஜன்னலோரத்தில் நிறுத்துங்கள். மூடின அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும், அதற்கு மரம் பொறுப்பில்லை.

சலூனுக்குப் பத்து செய்து தருவீங்களா?

மாட்டேன். பலருடைய முகத்தில் படுகிற பிரஷை ஒவ்வொருவருக்குப் பிறகும் கிருமி நீக்கவேண்டும், அந்த மருந்தில் ஊற மரக் கைப்பிடி தாங்காது. வீட்டுக்கு, ஒருவருக்கு ஒன்று.

குஞ்சம் தேய்ஞ்சு முடி உதிருது. கைப்பிடி நல்லாத்தான் இருக்கு. குஞ்சத்தை மட்டும் மாத்த ஏலுமா?

ஏலும், ஆனால் எபொக்சியில் ஒட்டினதை இழுத்து எடுக்க முடியாது. முடியை விளிம்போடு வெட்டிவிட்டு, நடுவில் சின்ன பிட்டால் துளைகள் போட்டு, மிச்சத்தை உளியால் சுவரை விட்டு உள்ளிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குங்கள். அவசரப்பட்டு 7/8 பிட்டைப் போட்டு ஓட்டினால் கட்டி சுழன்று சுவரைப் பிளக்கும். உள்ளே பூசிய எபொக்சி கிழிந்திருக்கும், தண்ணீர்ச் சோதனையைத் திரும்பச் செய்து திரும்பப் பூசுங்கள்.

மாற்றப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் எபொக்சிக்குப் பதிலாகக் கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கோனில் நடலாம். பிடி குறைவு, ஆனால் முறுக்கினால் வந்துவிடும். குழிக்குள் பூசின எபொக்சிப் பூச்சு அப்படியே இருக்கும்.